உள்ளங்கைச் சூடு



சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் ரெய்கி பற்றிய கேள்விகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆம்பூரிலிருந்து ஓர் ஆசிரியை, "கண்ணை மூடி, கையை வயிற்றின் மேல் வைத்தால் பத்து நிமிடத்தில் உள்ளங்கை சுடுகிறது. அது என்ன சக்தி?" என்று கேட்டிருக்கிறார். வாணியம்பாடி வாசகர் ஒருவர், தன் அம்மாவின் சர்க்கரை நோய்க்கு ரெய்கியே போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்வதாகவும், மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தார். இவருக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட்டோம்: நிறுத்தவே கூடாது. ஆசிரியைக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நல்ல கேள்வி, நின்று நிதானமாகப் பேச வேண்டிய கேள்வி.

முதலில் ரெய்கி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஜப்பானில் மிகாவோ உசுயி என்பவர் 1922-இல் தொடங்கிய, கை வைத்துக் குணப்படுத்த முயலும் பயிற்சி இது. கியோத்தோவுக்கு அருகே குராமா மலையில் 21 நாள் உபவாசம் இருந்தபோது அவருக்கு இது கைவந்தது என்று சீடர்கள் வழியே சொல்லப்பட்டு வருகிறது. 1926-இல் அவர் மறைந்தார். அவருடைய மாணவர்களில் ஒருவரான சுஜிரோ ஹயாஷி, கடற்படையில் பணியாற்றியவர், டோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். 1935-இல் அங்கே நோயாளியாகப் போனவர் ஹவாயோ தகாடா, ஹவாய்த் தீவுகளில் பிறந்த ஜப்பானியக் குடும்பத்துப் பெண். குணமாகி, அங்கேயே மாணவியாகி, ஹவாய்க்குத் திரும்பி, 1980-இல் இறப்பதற்குள் 22 பேரை ஆசிரியர்களாக்கினார். இன்று உலகில் நடக்கும் ரெய்கி வகுப்புகளில் பெரும்பாலானவை அந்த 22 பேரின் வழியில் வந்தவை. நம் நாட்டுப் பெருநகரங்களுக்குத் தொண்ணூறுகளில் பரவியதும் மேற்கே போய்த் திரும்பி வந்த இந்த வடிவம்தான்.

ஜப்பானில் சொல்லித்தந்த முறையில் ஒரு பகுதி என்னை மிகவும் ஈர்க்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ப்யோசென். படுத்திருப்பவரின் உடல்மேல் கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சூடோ, குறுகுறுப்போ, துடிப்போ, குளிர்ச்சியோ தட்டுப்படும் இடத்தில் கை நிற்க வேண்டும். இத்தனை இடத்தில் இத்தனை நிமிடம் என்ற கணக்கு கிடையாது. கை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பயிலப் பயிலக் கையின் நுட்பம் கூடும் என்பது நம்பிக்கை. பிற்காலத்தில் இது பன்னிரண்டு நிலைகளில் வரிசையாகக் கை வைக்கும் பாடமாகச் சுருங்கியது. தீட்சைக்குக் கட்டணம், அடுத்த படிக்கு இன்னொரு கட்டணம் என்று வளர்ந்தது. ஆசிரியர் நிலைக்குத் தகாடா வாங்கிய கட்டணம் பத்தாயிரம் டாலர். எனக்கு அந்தப் பழைய காத்திருப்புதான் பெரிதாகப்படுகிறது.

சரி, அந்தச் சூடு எதனால்? அமைதியாக உட்கார்ந்து மூச்சு சீராகும்போது, கைகளின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கூடுதலாக ஓடுகிறது, கை சூடாகிறது. பயப்படும்போது கை சில்லிடுவதற்கு நேர் எதிரான நிலை இது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு, விரலில் வெப்பமானியைப் பொருத்தி, மனத்தை ஆற்றிக் கையைச் சூடாக்கப் பழக்கும் பயிற்சியை அமெரிக்காவின் மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீன் குழுவினர் அறுபதுகள், எழுபதுகளிலேயே நடத்தினார்கள். குறுகுறுப்பும் அப்படித்தான். உள்ளங்கையின் மீது கவனத்தைக் குவித்தால், அதுவரை மூளை பொருட்படுத்தாமல் விட்ட சின்னச் சின்ன உணர்ச்சிகள் மேலே வருகின்றன. இதைப் படித்துக்கொண்டே இடது உள்ளங்கையைக் கவனித்துப் பாருங்கள், தெரியும்.

ஆகவே ஆசிரியை உணர்ந்தது உண்மை. அவர் கற்பனை செய்யவில்லை. அவருடைய உடல் அமைதியடைந்ததை அவருடைய கை அவருக்குச் சொல்லியிருக்கிறது. அதே கை அடுத்தவரின் நோயை அறியுமா என்பது தனிக் கேள்வி. அதைச் சோதித்துப் பார்த்தவர் ஒரு சிறுமி.

எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமிக்கு அப்போது ஒன்பது வயது. ரெய்கிக்கு நெருங்கிய உறவான 'சிகிச்சைத் தொடுகை' என்ற முறையைப் பழகிய 21 பேரை அவள் அழைத்தாள். அவர்கள் ஓர் அட்டைத் தடுப்பின் துளைகள் வழியாக இரு கைகளையும் நீட்ட வேண்டும். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அவர்களுடைய வலக்கை அல்லது இடக்கைக்கு மேலே தன் கையைத் தொடாமல் பிடிப்பாள் எமிலி. எந்தக் கைக்கு மேல் என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறை நடந்தது. 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள், அதாவது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐம்பது வரும். 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் அது கட்டுரையாக வந்தது. அப்போது எமிலிக்குப் பதினொரு வயது.

அந்த 21 பேரில் பலர் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள்; மனப்பூர்வமாகச் செய்தவர்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட, 'நான் உணர்ந்தது சரியா, தவறா' என்று அவர்களுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. கை ஒன்றைச் சொன்னது, அவர்கள் நம்பினார்கள், படுத்திருந்தவரும் தலையசைத்தார். அதோடு முடிந்துவிட்டது. சரிபார்க்காத புலன் வளர்வதில்லை. அதன் மீதுள்ள நம்பிக்கை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. இந்த இதழ் முழுக்க நாம் பேச நினைப்பது இந்த இடத்தைத்தான்.

இதற்கான பெரிய பாடம் நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாவதற்கு முன் நம் திருப்பத்தூர் வேலூர் மாவட்டத்தில்தானே இருந்தது. பெரிய நோய் என்றால் இன்றும் நாம் ரயிலேறுவது வேலூருக்குத்தான். அந்த வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பால் பிராண்ட். ஆங்கிலேயர்தான், ஆனால் 1914-இல் பிறந்தது நம் கொல்லிமலையில். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்காக உலகம் அவரை அறியும். நான் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பை.

தொழுநோய் வந்தால் சதை அழுகி, விரல்கள் தானாக உதிர்ந்துவிடும் என்றுதான் அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் சந்தேகப்பட்டார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். நோயில் மெலிந்த கைக்கு அவ்வளவு பலமா என்று வியந்தவர் கீழே பார்த்தால் ரத்தம். சாவி விரலை எலும்புவரை கிழித்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. நமக்கென்றால் சாவி சதையில் பதியும்போதே வலி கையை நிறுத்தியிருக்கும். வலி இல்லாததால் அவனுடைய பலத்துக்கு எல்லையில்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து நோயாளிகளின் ஒவ்வொரு காயத்துக்கும் பின்னால் போய், அது எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தார்கள். தினமும் கைகால்களைப் பார்ப்பது, புதுக் காயம் தென்பட்டால் நேற்று என்ன வேலை செய்தோம் என்று யோசிப்பது. இரவு நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருப்பதுதான் பெரிய மர்மமாக இருந்தது. கடைசியில் தெரிந்தது: தூக்கத்தில் எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. வலி எழுப்பாததால் யாரும் விழிக்கவில்லை. பூனைகளை வளர்க்கச் சொன்னார்கள். காயத்தைக் காப்பாற்றினால் தொழுநோயாளியின் சதையும் நம் சதையைப் போலவே ஆறுகிறது என்று நிரூபணமானது. உணர்விழந்த பாதங்களுக்காக மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் வந்தன. காட்பாடி பக்கம் கரிகிரி மருத்துவமனையின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது இந்த வேலையால்தான்.

பிராண்டும் கையால் தொட்டுத்தான் அறிந்தார் என்பதை ரெய்கி பழகும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். உணர்விழந்த பாதத்தில் புண் வெடிப்பதற்கு முன்பே அந்த இடம் உள்ளுக்குள் அழற்சி கண்டு சுடும். நோயாளிக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார்க்கும் பழகிய கைக்குத் தெரியும். பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில், வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவியைக் கொண்டு அவர் அதை உறுதிப்படுத்திக்கொண்டார். சூட்டைத் தேடிக் கை நகர்ந்தது அங்கும்தான். ஆனால் அந்தக் கை சொன்னது சரியா என்று சில நாளில் பாதமே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப் பலமுறை சரிபார்க்கப்பட்டுத் தேறிய கை அது.

அதே வேலூர் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையாரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். பிறகு பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். தன் உடலில் பாதி எதையும் சொல்லாத நிலையில், படுக்கைப்புண் வராமல் உடலை அவ்வப்போது அசைத்துக்கொடுக்க, உணர்வு செய்யும் வேலையை அறிவால் செய்ய வேண்டியிருக்கும். நாம் உட்கார்ந்த இடத்தில் நெளிவதுகூட உடல் நமக்குச் செய்யும் எவ்வளவு பெரிய உதவி!

இனி, சரிபார்த்துத் தேறும் இன்னொரு புலனைத் தேடி நம் ஜவ்வாது மலைக்கு வருவோம். ஆலங்காயத்திலிருந்து ஏறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருப்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் தெரியும். சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். போகிறவர்கள் வெளியே இருட்டிலும் சிறிது நேரம் நில்லுங்கள். வண்டியைவிட்டு இறங்கியதும் தெரியும் நட்சத்திரங்கள் கொஞ்சம்தான். கைப்பேசியை அணைத்துவிட்டு இருபது, முப்பது நிமிடம் காத்திருந்தால் வானம் நிறைந்துகொண்டே வரும். விழித்திரையில் மங்கலான ஒளிக்கென்று இருக்கும் குச்சி செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி மெல்ல மறுபடி உருவாகிக் கூடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. இடையில் ஒரு விளக்கைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான். இன்னொன்றும் உண்டு. மிக மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றுப் பக்கத்தில் பார்த்தால் தெரியும். விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்கள் இல்லை என்பதே காரணம். வானியல் பழகுபவர்கள் இதைப் பயின்றே பிடிக்கிறார்கள். பார்த்த நட்சத்திரம் உண்மையா, கண்ணின் மயக்கமா என்று வான வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். காத்திருப்பு, அமைதி, வலிந்து பிடிக்காத கவனம். ரெய்கி கேட்பதும் இவற்றைத்தான், கடைசியில் அந்த வரைபடம் மட்டும் அங்கே இல்லை.

உடலுக்குள் நடப்பதை உணரும் புலனுக்கும் அறிவியலில் தனி இடம் உண்டு. இதயத்துடிப்பு, பசி, தாகம், மூச்சுமுட்டல், குடலின் அசைவு எல்லாம் மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதிக்குச் செய்தியாகப் போகின்றன. மெதுவாக வருடும்போது விழித்துக்கொள்ளும் நரம்பிழைகள்கூட நம் தோலில் இருக்கின்றன. நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகம், உடம்பின் வெதுவெதுப்பு; இவை இரண்டும் சேர்ந்தால் அவை நன்றாக இயங்கும். அம்மா முதுகை நீவிவிடும் வேகம் அதுதான். ஒருவர் அரைமணி நேரம் அன்போடு நம் அருகில் அமர்ந்து கை வைத்தால் மனம் இளகுவதில் வியப்பில்லை. அந்த ஆறுதலை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ரெய்கி மருந்தாகுமா என்று காக்ரேன் அமைப்பு 2015-இல் ஆராய்ந்தபோது, ஆகும் என்றோ ஆகாது என்றோ சொல்லும் அளவுக்குச் சான்றுகள் போதவில்லை என்று முடித்தார்கள்.

ஆறுதலையும் மருத்துவத்தையும் சேர்த்து நடத்துவதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1921-இல் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், இருவரும் மருத்துவர்கள். கதர் உடுத்தி, மணம் செய்துகொள்ளாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்தவர்களை மக்கள் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தார்கள். கோபுரம் வைத்த அவர்களுடைய ஜெபாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரார்த்தனையும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் நடந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அவர்கள் நிறுத்தவில்லை.

உள்ளுணர்வு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பேறுகாலம் பார்த்துப் பழகிய மூதாட்டி வயிற்றில் கை வைத்ததும் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொன்னதை மலையூர்களில் பலரும் நினைவுகூர்கிறார்கள். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்க்கும் வைத்தியரும் நம்மிடம் உண்டு. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் விரல் நுனியால் தடவியே தோலின் தரம் பிரிப்பவரும் உண்டு. இவர்களில் யாருடைய உணர்வை எவ்வளவு நம்பலாம்? உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் இதில் நேரெதிர்க் கட்சியாக இருந்தவர்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட இடம் இது: பார்க்கும் விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், நாம் சொன்னது சரியா என்று விரைவில், திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும். அப்போது மட்டுமே உள்ளுணர்வு தேறும். பேறுகாலம் பார்த்த பாட்டிக்குப் பிரசவத்தன்றே விடை கிடைத்தது. தோல் பிரிப்பவருக்கு வாங்குபவர் திருப்பி அனுப்பும்போது தெரிகிறது.

அதனால், பழக விரும்பும் வாசகர்களுக்கு நான் சொல்வது: தாராளமாகப் பழகுங்கள். காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி, இரு கைகளையும் வயிற்றில் வைத்து, மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். நாடியைத் தொடாமல், உள்ளுக்குள் உணர்ந்தே இதயத்துடிப்பை அரை நிமிடம் எண்ணுங்கள்; அதே நேரத்தில் வீட்டில் ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணட்டும். இரண்டையும் எழுதுங்கள். 1981-இல் ரைனர் ஷாண்ட்ரி என்ற ஜெர்மானிய உளவியலாளர் ஆய்வில் கொண்டுவந்த சோதனையின் எளிய வடிவம் இது. குழந்தைக்கு உடம்பு சுட்டால் புறங்கையை நெற்றியில் வைத்து எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துவிட்டு, உடனே வெப்பமானியைப் பாருங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் காக்ஸ் குழுவினர் இன்சுலின் போடுபவர்களுக்கு இப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள்: உடம்பு என்ன சொல்கிறது என்று குறி, சர்க்கரை எவ்வளவு என்று ஊகி, பிறகு கருவியில் பார். பழகப் பழக, சர்க்கரை ஆபத்தாக இறங்குவதை முன்னைவிட நன்றாக உணர்ந்துகொண்டார்கள்.

நெஞ்சு படபடத்தாலே உயிர் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் துடிப்பை எண்ணும் பயிற்சியைத் தனியே செய்ய வேண்டாம், பயம் கூடும். அவர்கள் பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி நடந்தால் போதும். மார்பில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் எந்தக் கையும் வைக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயை, புற்றுநோயை, வலிப்பைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை, மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

வாணியம்பாடி வாசகருக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவின் பாதத்தை இன்று இரவே பாருங்கள். நீண்டகாலச் சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். பூட்டைத் திறந்த அந்தப் பையனின் விரலுக்கு நேர்ந்தது அம்மாவின் பாதத்துக்கும் நேரலாம். முள் குத்தியது தெரியாது, செருப்புக்குள் கிடக்கும் கல் தெரியாது. மருத்துவர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். தினமும் விரலிடுக்குகளைப் பாருங்கள், குனிய முடியாதவர்களுக்குத் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக் காட்டுங்கள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடட்டும், வெந்நீரைக் காலால் சோதிக்க வேண்டாம், வெறுங்காலோடு கோயில் சுற்றும் நாளில் வெயிலுக்கு முன் போய் வரட்டும். எம்.சி.ஆர். செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் கிடைக்கிறது. பார்த்து முடித்த பிறகு, உங்கள் உள்ளங்கை இரண்டையும் அந்தப் பாதங்களில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்காருங்கள். ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடச் சுட்டால், மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பேறுகாலம் பார்த்த பாட்டிமார், தேனெடுக்கும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய கையும் காதும் மூக்கும் எதை எப்படித் தெரிந்துகொண்டன என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர்கள் கணிப்பு எப்போதாவது தவறியதா, தவறியபோது என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்